கதவுக்கு வெளியே யார்?

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் கிறிஸ்து பிறப்புக் கதையில் சத்திரக்காரர் என்று ஒருவர் கிடையாது. சத்திரத்தில் இடமில்லை என்ற செய்தி மட்டும் போகிற போக்கில் வருகிறது. ஆனால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போடும் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் சத்திரக்காரர் கட்டாயம் இருப்பார். தலையில் துண்டு கட்டிய ஒரு பையன் கதவைத் திறப்பான், இடம் இல்லை என்பான், சாத்திவிடுவான். யோசேப்பும் மரியாளும் மேடையின் மறுபக்கம் நடப்பார்கள். வேதத்தில் இல்லாத இந்த ஆளை நாடகம் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மீட்பு என்றால் என்னவென்று ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியாது. முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டால் எப்படி இருக்கும் என்பது நன்றாகப் புரியும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் அந்தப் பத்து நாளில், என்ன கிறிஸ்துமஸ் படம் பார்க்கலாம் என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. கிறிஸ்தவர் வீடுகளில் மட்டும் இல்லை. ஓடிடி தளத்தைத் திறந்தால் சிவப்பும் பச்சையுமாக வரிசை வரிசையாகப் படங்கள். முக்கால்வாசியில் பரிசு போய்ச் சேருமா, பண்டிகை கெட்டுப்போகுமா என்பதுதான் கதையின் முழுப் பதற்றமும். அவற்றைப் பார்ப்பதால் பிள்ளைகள் கெட்டுவிட மாட்டார்கள். ஆனால் மறுநாள் காலையில் அவர்களிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான். இந்தப் படத்தில் கதவுக்கு வெளியே நிற்பவர் யார்? அவரைப் படம் பார்க்கிறதா, பார்க்கும்படி பிள்ளையையும் திருப்புகிறதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் அந்த நீண்ட வரிசை ஏழெட்டுப் படங்களாகக் குறைந்துவிடும். அந்த ஏழெட்டிலும் கொஞ்சம் இருட்டு இருக்கும். அதற்குப் பயந்து ஒதுக்கிவிடக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ‘தி ஸ்னோமேன்’. பிரிட்டனில் சானல் 4 தொடங்கிய வருஷமே, 1982 டிசம்பர் 26 அன்று முதன்முதலாக ஒளிபரப்பான 26 நிமிஷக் கார்ட்டூன் படம். தொடக்கத்தில் வரும் சிறிய முன்னுரையையும் நடுவில் ஒரு பாட்டையும் விட்டால் பேச்சே கிடையாது. சப்டைட்டில் வாசிக்கத் தெரியாத வயதில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டைப் பிள்ளைக்கும் லண்டன் பிள்ளைக்கும் இந்தப் படம் ஒரே அளவுதான் புரியும். ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட, ஒரு சொல்கூட இல்லாத படப்புத்தகத்திலிருந்து எடுத்தது. இயக்கியவர் டயான் ஜாக்சன். புத்தகத்தின் வண்ணப் பென்சில் கோடுகளை அப்படியே திரைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். ஒவ்வொரு சட்டகத்தையும் கையால் வரைந்ததால் அசையாமல் நிற்கும் சுவர்கூட லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும்.

ஒரு பையன் தோட்டத்தில் பனிமனிதன் செய்கிறான். நடுராத்திரியில் அதற்கு உயிர் வருகிறது. பையன் அவனைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவருகிறான். கணப்பைப் பார்த்ததும் பனிமனிதன் மிரண்டு பின்வாங்குகிறான். தூங்கும் அப்பாவின் பல்செட்டை எடுத்துப் போட்டுப் பார்க்கிறான். உடம்பு சூடானதும் ஃப்ரீசரில் போய்ப் படுத்துக்கொள்கிறான். பிறகு இருவரும் பறந்து வடதுருவம் போகிறார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா பையனுக்கு ஒரு மஃப்ளர் கொடுக்கிறார், திரும்பி வருகிறார்கள். விடிந்ததும் பையன் வெளியே ஓடுகிறான். ஒரு தொப்பி, மூக்காக வைத்த ஆரஞ்சு, சில கரித்துண்டுகள், கொஞ்சம் பனி. அவ்வளவுதான் கிடக்கிறது. சட்டைப் பையில் கை விட்டால் மஃப்ளர் இருக்கிறது. அதைப் பிடித்தபடி முழங்காலிட்டு உட்காருகிறான். படம் முடிந்துவிடுகிறது.

என் மகள் முதல் முறை இதைப் பார்த்தபோது அழவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஃப்ரீசர்ல படுத்திருந்தான்லம்மா, அங்கேயே விட்டிருந்தா என்ன?” என்று கேட்டாள். ஒரு சாவைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஃப்ரீசரிலேயே இருந்தால் அவன் எப்படிப் பறந்திருப்பான் என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் படுக்கப் போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

பிரிக்ஸ் இந்தப் புத்தகத்தைச் செய்வதற்கு முந்தைய வருஷங்கள் கடுமையானவை. அப்பா, அம்மா இருவரும் 1971இல் இறந்தார்கள். மனைவி ஜீன் 1973இல் இறந்தார். பனிமனிதன் உருகுவதைப் பற்றி அவரிடம் பின்னால் கேட்டபோது, எல்லாம் ஒருநாள் போகத்தான் செய்யும், அதை மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். புத்தகத்தில் கிறிஸ்துமஸே கிடையாது. வடதுருவமும் தாத்தாவும் படத்துக்காகச் சேர்த்தவை. அந்தச் சேர்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே அழைத்துவரப்பட்ட விருந்தாளி உள்ளே தங்க முடியாதவன் என்பது புத்தகத்தில் ஒரு குளிர்காலத்து உண்மை. படத்தில் அது பண்டிகை நாளின் உண்மையாகிவிடுகிறது. கடைசி நிமிஷத்துக்கு முன்னால் ரிமோட்டை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். அந்த நிமிஷத்துக்காகத்தான் மற்ற 25 நிமிஷங்களும்.

அடுத்தது டிக்கன்ஸ். ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது. அந்த வருஷத் தொடக்கத்தில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் குழந்தைகள் படும் பாட்டை விவரித்த அரசாங்க அறிக்கை ஒன்றை டிக்கன்ஸ் வாசித்தார். ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதுவதாக முதலில் திட்டமிட்டார். பிறகு அதைக் கைவிட்டு, அதைவிட ஓங்கி அடிக்கக்கூடிய ஒன்றைச் செய்வதாகச் சொல்லி, ஆறு வாரத்தில் இந்தக் கதையை எழுதி முடித்தார். கடனுக்காக அப்பா சிறையில் இருக்க, 12 வயதில் ஷூ பாலிஷ் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிச் சம்பாதித்த பையன் அவர். கதவுக்கு வெளியே நிற்பது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கதையை எத்தனையோ முறை படமாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு பார்க்க நான் எடுப்பது 1992இல் வந்த ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’. மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990இல் திடீரென்று இறந்தார். அவர் மகன் பிரையன் இயக்கிய முதல் படம் இது. தவளையும் பன்றியும் எலியுமாகப் பொம்மைகள் சூழ்ந்து நிற்க, நடுவில் மைக்கேல் கெய்ன், ஒரே இரவில் ஆவிகள் வந்து மனம் மாற்றும் கஞ்சக் கிழவர் ஸ்குரூஜாக நடிக்கிறார். எதிரே நிற்பது பொம்மை என்ற நினைப்பின் சாயல்கூட அவர் முகத்தில் ஓர் இடத்திலும் வராது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடிப்பதுபோலவே நடிப்பேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாராம். பெரியவர் ஒருவர் தங்கள் உலகத்தை இவ்வளவு மதிப்பதைப் பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள்.

படத்தில் ஒரு சின்ன முயல்குட்டி ஸ்குரூஜின் வாசலில் வந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும். கிழவர் கதவைத் திறந்து, அலங்கார வளையத்தைத் தூக்கி அதன்மேல் எறிவார். அத்தோடு அதை மறந்துவிட்டோம் என்று நினைப்போம். கொஞ்ச நேரம் கழித்து, தெருவோரத்தில் செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி அது கிடப்பதைக் காட்டுவார்கள். சில நொடிகள்தான். கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் கடைசியில், மனம் மாறிய ஸ்குரூஜ் ஜன்னலைத் திறந்து வான்கோழி வாங்கிவரச் சொல்லி அனுப்புவது அதே முயலைத்தான். வீட்டுப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துக் கத்துவார்கள். ஸ்குரூஜின் குமாஸ்தாவுடைய நோயாளி மகன் டைனி டிம் இல்லாத வீட்டைக் காட்டும் காட்சியும் அப்படித்தான். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கிறார்கள். அவன் இருக்கை காலி. ஊன்றுகோல் மட்டும் இருக்கிறது. எதிர்காலத்தின் ஆவி வரும்போது கதைசொல்லிகளான இரண்டு பொம்மைகளும், எங்களுக்குப் பயமாக இருக்கிறது, முடிவில் பார்ப்போம் என்று சொல்லி விலகிக்கொள்ளும். பயப்படுவதில் வெட்கம் இல்லை என்று பிள்ளைக்குப் படமே சொல்லிவிடுகிறது.

ஒரு குறை உண்டு. டிக்கன்ஸின் கதையில் நிகழ்காலத்தின் ஆவி தன் அங்கியை விலக்கி, அறியாமை, வறுமை என்ற இரண்டு மெலிந்த குழந்தைகளைக் காட்டும். எழுதவேண்டிய பிரசுரம் முழுவதையும் டிக்கன்ஸ் அந்த ஒரு பக்கத்துக்குள் வைத்துவிட்டார். மப்பெட் படத்தில் அது இல்லை. பிள்ளை வளர்ந்ததும் கதையையே எடுத்து வாசித்துக் காட்ட வேண்டும்.

வெளியே நிற்பது வீட்டுக்கு வெளியே மட்டும் இல்லை, மொழிக்கு வெளியேயும் நிற்கலாம். ஆங்கிலப் படத்தைச் சப்டைட்டிலோடு எட்டிப் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். 1947இல் வந்த ‘மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ படத்தில் நியூயார்க்கின் மேசீஸ் கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். எட்மண்ட் க்வென் நடித்து ஆஸ்கார் வாங்கிய பாத்திரம். ராட்டர்டாம் நகரத்து அனாதை விடுதியிலிருந்து அமெரிக்கா வந்த சிறுமியை வளர்ப்புத்தாய் கூட்டிவருகிறார். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, நீங்கள் பேச முடியாது என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை என்கிறார். கிழவர் சிறுமியிடம் டச்சு மொழியில் பேசத் தொடங்குகிறார். அவள் முகம் மலர்கிறது. இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். ராட்டர்டாம் 1940இல் குண்டுவீச்சில் அழிந்த நகரம். அன்றைய பார்வையாளருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. டச்சுப் பேச்சுக்குச் சப்டைட்டில் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்க்கும், எதையும் நம்பாத அமெரிக்கச் சிறுமிக்கு (எட்டு வயது நாட்டலி வுட்) அந்த நிமிஷம் மொழி புரியவில்லை. அவள்தான் இப்போது வெளியே நிற்கிறாள்.

செர்ஜியோ பாப்லோஸ் இயக்கி 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘க்ளாஸ்’ படத்தைப் பார்த்தபோது இந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. வடகோடித் தீவு ஒன்றில் இரண்டு குலங்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்கின்றன. பகைக்காரர் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரக் கூடாதென்று பள்ளிக்கு யாரும் வருவதில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்திலேயே மீன் விற்கிறார். வருஷத்துக்குள் 6000 கடிதம் சேர்த்தால்தான் ஊர் திரும்ப முடியும் என்ற நிபந்தனையோடு வந்த தபால்காரன், பொம்மை கேட்டுக் கடிதம் எழுதச் சொல்லிப் பிள்ளைகளைத் தூண்டுகிறான். கடிதம் எழுத வேண்டுமே என்று பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். மார்கு என்ற, வட ஐரோப்பாவின் சாமிப் பழங்குடிச் சிறுமி அவனிடம் வந்து வந்து ஏதோ கேட்கிறாள். அவளுடைய சாமி மொழி அவனுக்குப் புரிவதில்லை. அதற்கும் சப்டைட்டில் இல்லை. நமக்கும் புரிவதில்லை. அவளுக்குக் குரல் கொடுத்ததே ஒரு சாமிச் சிறுமிதான். லாபத்துக்காக வேலை பார்த்தவன், அவளுக்காக ஒரு சறுக்குவண்டி செய்து கொடுத்துவிட்டு, அவள் விளையாடுவதை மறைந்து நின்று பார்க்கும் இடத்தில்தான் மாறுகிறான். மரவெட்டி க்ளாஸின் கொட்டகை நிறையப் பொம்மைகள் இருப்பதற்கான காரணம் பிறகுதான் தெரிகிறது. தனக்கும் மனைவிக்கும் பிறக்கும் என்று காத்திருந்த பிள்ளைகளுக்காக அவர் செய்து வைத்தவை அவை. பிள்ளைகள் பிறக்கவில்லை, மனைவியும் போய்விட்டார். அண்மைக்காலப் படங்களில் எட்டிலிருந்து பத்து வயதுக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

‘ஹோம் அலோன்’ படத்தைப் பிள்ளைகள் எப்படியும் பார்த்திருப்பார்கள். திருடர்கள் விழுவதையும் எழுவதையும் பார்த்துச் சிரிக்கட்டும். ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லியை மட்டும் விட்டுவிடக் கூடாது. சொந்தக் குடும்பத்தையே கொன்றவர் என்று தெருப்பையன்கள் கதை கட்டிவைத்திருக்கும் அந்த மனிதர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு தேவாலயத்தில், வீட்டில் தனியாக விடப்பட்ட பையன் கெவின் பக்கத்தில் வந்து உட்காருகிறார். பாடகர் குழுவில் பேத்தி பாடுகிறாள். மகனோடு பேச்சு நின்று வருஷங்களாகிவிட்டதால், தூரத்திலிருந்து கேட்க வந்திருக்கிறார். எட்டு வயதுப் பையனும் கிழவரும் தங்கள் பயங்களைச் சொல்லிக்கொள்ளும் அந்தச் சில நிமிஷம் இல்லாவிட்டால் அது வெறும் அடிதடிப் படம். அந்தக் கட்டம் வரும்போது பாப்கார்ன் எடுக்க எழுந்து போகாதீர்கள்.

இருட்டு என்றால் எல்லா இருட்டும் சேர்த்தி இல்லை. 1984இல் வந்த ‘கிரெம்லின்ஸ்’ கிறிஸ்துமஸ் பின்னணியில் நடக்கிறது என்று நம்பிக் குழந்தைகளோடு தியேட்டருக்குப் போன அமெரிக்கப் பெற்றோர் கொதித்துப்போனார்கள். அந்தப் படமும் அதே கோடையில் வந்த இண்டியானா ஜோன்ஸ் படமும் கிளப்பிய எதிர்ப்பால்தான் அங்கே பிஜி-13 என்ற சான்றிதழ் வகையே பிறந்தது. அந்தப் பெற்றோர் பக்கம்தான் நான். அதிர வைப்பதற்காகக் காட்டும் இருட்டில் பிள்ளைக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. 1914இல் போர்முனையில் எதிரிச் சிப்பாய்கள் ஆயுதத்தை வைத்துவிட்டு ஒன்றாகப் பண்டிகை கொண்டாடியதைச் சொல்லும் ‘ஜொயே நோயெல்’ 13, 14 வயதுக்கு. குப்பையில் கிடக்கும் குழந்தையை வீடற்ற மூன்று பேர் கண்டெடுக்கும் சதோஷி கோனின் ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ இன்னும் கொஞ்சம் தள்ளி.

பிள்ளைக்கு 12 வயது ஆனதும் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. ஃபிராங்க் காப்ரா, 1946. கறுப்பு வெள்ளை, இரண்டு மணி பத்து நிமிஷம். பிள்ளை முகம் சுளிக்கும். மருந்துக்கடைக் காட்சி வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். ஜார்ஜ் என்ற பையன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். கடைக்காரர் கவருக்குத் தந்தி வந்திருக்கிறது. மகன் இன்ஃபுளுவென்சாவில் செத்துவிட்டான். துக்கத்திலும் குடியிலும் இருக்கும் அவர், நோயாளிப் பிள்ளைக்கான மாத்திரையில் விஷத்தைப் போட்டுக் கட்டிக் கொடுக்கிறார். பையன் பார்த்துவிடுகிறான், கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவர் அறைகிறார். அறை விழுவது அவனுடைய கேட்காத காதில். ரத்தம் வருகிறது. அழுதுகொண்டே உண்மையைச் சொல்கிறான். கவர் மருந்தை நாக்கில் வைத்துப் பார்க்கிறார், அவனை நோக்கி வருகிறார், மறுபடி அடிக்கப்போகிறார் என்று பையன் ஒடுங்குகிறான். அவர் கட்டிக்கொண்டு அழுகிறார். இதைப் பார்த்த பிறகு படத்தை நிறுத்தச் சொன்ன பிள்ளையை நான் கண்டதில்லை.

ஜார்ஜ் வளர்ந்து, ஊரை விட்டுப் போகும் கனவையெல்லாம் கைவிட்டு, அப்பாவின் சிறு கடன் சங்கத்தை நடத்துகிறான். உறுப்பினர்கள் போட்ட பணம் உறுப்பினர்களுக்கே வீட்டுக்கடனாகப் போகும் ஏற்பாடு. மயிலாப்பூரில் 1872இலிருந்து இயங்கும் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் போன்ற ‘நிதி’களை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டாம். ஒருநாள் பீதி கிளம்பி எல்லோரும் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு நெருக்குகிறார்கள். உன் பணம் இந்தப் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனின் வீடாக நிற்கிறது என்கிறான் ஜார்ஜ். தேனிலவுக்கு வைத்திருந்த 2000 டாலரை அவன் மனைவி மேரி நீட்டுகிறாள். முதல் ஆள் தன் கணக்கில் இருக்கும் 242 டாலரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான். வரிசை நகர்கிறது. கடைசியில் ஒரு பெண், எனக்கு பதினேழரை டாலர் கிடைக்குமா என்று தயங்கிக் கேட்கிறாள். ஜார்ஜ் எட்டி அவள் கன்னத்தில் முத்தமிடுகிறான். பொருளாதாரப் பாடம் இவ்வளவு தெளிவாக எந்தப் பள்ளியிலும் கிடைக்காது.

பிறகு 8000 டாலர் தொலைகிறது. ஜார்ஜ் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் பாலத்தின்மேல் நிற்கிறான், தான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறான். ஜார்ஜாக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், குண்டுவீச்சு விமானியாக ஐரோப்பிய வானத்தில் போரிட்டுத் திரும்பிய பிறகு நடித்த முதல் படம் இது. மதுக்கடையில் அவர் முணுமுணுத்து ஜெபிக்கும் காட்சியில் வரும் கண்ணீர் தானாக வந்தது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். தற்கொலை எண்ணத்தைப் பிள்ளைக்குக் காட்டலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. நியாயமான தயக்கம். 12 வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியும், செய்தியில் கேட்டிருக்கும். பெரியவரோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்பு அமைவது நல்லது. தேவதூதன் ஒருவன் ஜார்ஜுக்குக் காட்டும், அவன் பிறக்காத உலகத்தில், விஷம் கொடுத்த குற்றத்துக்கு 20 வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்த கவரை மதுக்கடைக்காரன் வெளியே தள்ளுகிறான். அந்தக் கதவைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

படத்தில் விழும் பனியெல்லாம் தீயணைப்பு நுரையும் சோப்பும் தண்ணீரும் கலந்து கோடைகாலத்தில் செய்தது. அதுவரை ஹாலிவுட்டில் வெள்ளை பூசிய கார்ன்ஃபிளேக்ஸைத் தூவுவார்கள். மிதித்தால் சத்தம் போடும் என்பதால் இந்தப் புது ஏற்பாடு. பனியே பார்த்திராத நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ரொம்பப் பிடிக்கும். படம் வெளிவந்தபோது வசூலில் தோற்றது. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால், டெலிவிஷன் நிலையங்கள் செலவில்லாமல் ஒவ்வொரு டிசம்பரிலும் போட்டன. ஒரு தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் அப்படித்தான் இதைப் பார்த்து வளர்ந்தார்கள்.

ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வருஷம் ‘தி ஸ்னோமேன்’ போடுங்கள். எட்டு வயதென்றால் ‘க்ளாஸ்’ அல்லது மப்பெட். பன்னிரண்டுக்குக் காப்ரா. போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுச் சமையலறையிலிருந்து எட்டிப்பார்ப்பது போதாது, இந்தப் படங்களை அப்படிப் பார்க்க முடியாது. ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ முடிந்ததும், அந்த 8000 டாலரை எடுத்து ஒளித்துவைத்த பணக்காரர் பாட்டருக்கு என்ன ஆனது, போலீஸ் பிடித்ததா, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாரா என்று பிள்ளை கேட்கும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பணம் திரும்பி வரவும் இல்லை, ஊர்க்காரர்கள் தங்கள் கையிலிருந்து போட்டுத்தான் ஜார்ஜை மீட்டார்கள். அப்படியே சொல்லுங்கள்.